வட்டத்துக்குக் கீழே ஒரு வட்டம்

சர்வேயர் எழுந்து போர்வையை மடித்தான். பல் தேய்த்தான். அடுப்பில் தண்ணீர் வைத்து, அது கொதிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். சவரம் செய்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான், முன்பக்கம் மட்டும். பின்பக்கம் கசங்கியிருக்கிறது என்று சொல்ல வீட்டில் இப்போது ஆள் இல்லை. டீ குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். மனைவி போன நாளிலிருந்து எல்லாக் காலையும் இதே வரிசையில்தான் விடிந்தது.

விபத்தில் நொறுங்கிய வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பார்த்துச் சேதம் சொல்வது அவன் பழைய வேலை. அவள் இறந்ததும் அதை விட்டுவிட்டான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது அடுத்தவர் வீட்டு மர்மங்களைத் துருவிக்கொண்டிருந்தான்.

கூடவே ஒட்டிக்கொண்ட இன்னொன்று அவன் மைத்துனன். அக்கா இறந்த வீட்டில் துக்கத்துக்கு வந்து தங்கியவன், திரும்பிப் போக மறந்துவிட்டான். அவன் இல்லாவிட்டால் அந்த வீட்டில் சுவர்தான் பேச வேண்டும் என்பதால் சர்வேயரும் நினைவூட்டவில்லை.

"மாமா, முன்னாடி பார்த்தா மாப்பிள்ளை, பின்னாடி பார்த்தா மூட்டை," என்றான் மைத்துனன். "குற்றவாளி உங்களுக்கு முன்னாடி மட்டும்தான் வருவான்னு எழுதிக் குடுத்திருக்கானா?"

பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது.

வந்தவள் அச்சுக்காரரின் மனைவி. அச்சுக்காரர் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, கார்களுக்குப் பானட், பம்பர், கதவு என்று ஃபைபரிலும் கார்பனிலும் வார்த்துக் கொடுப்பவர். அவருடைய ஒரே தங்கை பந்தயக் கார் ஓட்டுகிறவள். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். போன வாரம் பயிற்சி ஓட்டத்தில் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது காரின் பானட் எகிறி முன்கண்ணாடியில் அறைந்தது. பாதை தெரியவில்லை. சுவர்தான் வண்டியை நிறுத்தியது. சின்னவள் போய்விட்டாள்.

அந்தப் பானட்டைச் செய்தது அண்ணன்.

இவ்வளவையும் அவள் அழாமல் சொன்னாள். அழுகையை ஒத்திவைத்தவர்கள் பேசுகிற குரல். முதலில் ஓடிப்போய்க் கார்க்கதவைத் திறந்தது சின்னவளின் கணவன். அவன் மடியில்தான் அவள் உயிர் போனது. சாகும்போது அவள் சொன்னதாக அவன் விசாரிக்க வந்த அதிகாரியிடம் சொன்னதைத்தான் ஊரே பேசிக்கொண்டிருந்தது. அண்ணன் அவசரத்தில் செய்துவிட்டார், பானட் சரியில்லை என்று எனக்கு அப்போதே தெரியும், அவரை மன்னித்துவிடுங்கள்.

"அத கேட்டதுலேர்ந்து இவர் வாயில பச்சத்தண்ணி படல சார். சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய், என் தங்கச்சிய நான்தான் கொன்னேன்னு சொல்லப் போறாராம். குளிச்சு, சட்டைய எடுத்து வெச்சாச்சு."

செய்தது அவர்தானே என்று சர்வேயர் கேட்டான்.

"தப்பு அவரோடதா இருந்தா உள்ள போகட்டும் சார். நானே சோறு கொண்டுபோய்க் குடுக்கறேன். இல்லாத தப்புக்குப் போனாருன்னா, திரும்பி வர்றது அவரா இருக்காது."

சின்னவளின் கணவன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தான். அவனும் பாவம்தான் என்றாள். தூக்கம் இல்லை. முந்தாநாளிலிருந்து கையெல்லாம் தடித்து, சொறிந்துகொண்டே இருக்கிறான். துக்கத்தில் உடம்பு சூடாகிவிட்டது என்கிறார்கள்.

அவள் வாசலில் செருப்பைத் தேடும்போது மைத்துனன் காதோரம் வந்தான். "மாமா, நல்லாத் தூங்கி எழுந்தா எனக்கே அரைமணி நேரத்துக்கு ஒரு வாக்கியம் முழுசா வராது. அந்தம்மா சுவத்துல மோதிட்டு அழகா அடுக்கிச் சொல்லியிருக்காங்களே."

சர்வேயருக்கும் அதுதான் உறுத்தியது. அவனுடைய மனைவி இறந்தபோது வந்தவர்கள் எல்லாம் இதைத்தான் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. ஃபேனைக் குறைக்கச் சொன்னாள் என்று உள்ளதைச் சொன்னான். ஒருவர் முகத்திலும் திருப்தி இல்லை. அவர்களுக்கு இந்த மாதிரி ஒரு வசனம் வேண்டியிருந்தது.

அதை அவன் மைத்துனனிடம் சொல்லவில்லை. மைத்துனனுக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும். நேரே போய் ஸ்கூட்டரை உதைத்தான்.

கொட்டகையை நெருங்கும்போதே ரெசின் வாடை மூக்கைப் பிடுங்கியது. உள்ளே சுத்தியல் சத்தம். அச்சுக்காரர் தன் அச்சுகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தார். பம்பரின் அச்சு ஏற்கெனவே தரையில் சில்லாகிக் கிடந்தது. சுவரோரம் கண்ணாடி இழைத் துணிச் சுருள்கள், கெட்டிப்பட்ட தூரிகைகள் நட்டுவைத்த தகர டப்பா, கறுப்புக் கார்பன் துணி. நடுவே, கவிழாத படகு மாதிரி, பானட்டின் அச்சு. அடுத்த அடி அதற்குத்தான்.

"அண்ணே, உடைக்கறதா இருந்தா கொஞ்சம் ஓரமா உடைங்க," என்றான் மைத்துனன். "எங்க மாமாவுக்கு இருக்கறது ஒரே நல்ல பேண்ட்டு."

எரிந்துவிழுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் சுத்தியலை இறக்கிவிட்டு நிஜமாகவே சர்வேயரின் பேண்ட்டைப் பார்த்தார். பிறகு ஒரு பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்தார்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், வேறு யாருடைய கதையோ போல. மெழுகு பூசித் துடைத்த அச்சில் கார்பன் துணியை விரித்து, ரெசின் பசையில் அதை இறுகச் செய்யும் ஹார்டனர் கலந்து ஊற்றி, அடுக்கு அடுக்காக இறுக்குவார். பானட்டைப் பூட்டும் கொக்கிகள் வருகிற இடத்தில், உள் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றைப் புதைப்பார். அதை வைத்தீர்களா என்று சர்வேயர் கேட்டான். வைத்ததாக ஞாபகம் என்றார். ஹார்டனர் சரியாகக் கலந்தீர்களா? கலந்ததாகத்தான் ஞாபகம்.

"ஞாபகத்த வெச்சு என்ன சார் செய்ய. சாகப்போறவ பொய் சொல்லுவாளா?"

உடைந்த பானட்டைப் போய்ப் பார்த்தீர்களா என்றதற்கு இல்லை என்று தலையை அசைத்தார். அவரால் முடியவில்லை.

சர்வேயர் குனிந்து அச்சின் உட்புறத்தை விரலால் தடவினான். முகம் பார்க்கலாம் போல இருந்தது. குண்டூசி முனை அளவுக்குக்கூட ஒரு பிசிறு இல்லை. ஒரு ஓரத்தில் கொக்கித் துளைக்கான குறி. அவ்வளவுதான்.

மைத்துனன் அலமாரியில் எதையோ கண்டுபிடித்திருந்தான். மணக்கும் முகப் பவுடர் டப்பா, பெரியது. "இத பூசிக்கிட்டா கார் செய்வாரு?"

அச்சுக்காரரின் மனைவிதான் விளக்கினாள். ஃபைபரை அறுக்கும்போது பறக்கிற கண்ணாடித் தூள் தோலின் துளைகளில் ஏறிவிடும். அறுப்பதற்கு முன் முழங்கைவரை பவுடரைத் தேய்த்துக்கொண்டால் ஏறாது. தேய்க்காமல் அறுத்தவன் நாள் கணக்கில் சொறிய வேண்டியதுதான்.

சர்வேயர் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு அச்சுக்காரரிடம், இந்த அச்சை மட்டும் தான் வரும்வரை உடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவர் வெயில் சாய்ந்தால் கிளம்பிவிடுவேன் என்று மட்டும் சொன்னார்.

விபத்து வண்டிகளைப் போட்டுவைக்கும் இடம் ஊருக்கு வெளியே, முள்கம்பி வேலிக்குள் இருந்தது. காவலாளிக்குச் சர்வேயரைப் பழைய வேலையிலிருந்தே தெரியும். சின்னவளின் காரைச் சர்வேயர் ஒருமுறை சுற்றிவந்தான். ஓட்டுநர் பக்கம் குனியவில்லை. நேரே பானட்டிடம் போனான். அது தனியாகப் பிய்ந்து, இரண்டாகி, தரையில் கிடந்தது.

கொக்கி இருந்த இடம் காகிதம் கிழிந்த மாதிரிக் கிழிந்திருந்தது. உள்ளே தகடு எதுவும் தெரியவில்லை. மேலே ஓர் அடுக்குதான் கார்பன். அதன் கீழே எல்லாம் கனமான வெள்ளை ஃபைபர்.

"முடிஞ்சுது," என்றான் மைத்துனன், குரல் இறங்கி. "அந்த மனுஷன் தகட வைக்கவே மறந்துட்டாரு மாமா."

சர்வேயருக்கும் அப்படித்தான் தோன்றியது. அச்சுக்காரரின் மனைவியிடம் போய் இதை எப்படிச் சொல்வது. கை மட்டும் பழைய பழக்கத்தில் பானட்டின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. நடுவில் பந்தய எண் எழுதிய வட்ட ஸ்டிக்கர். அதன் விளிம்பை விரல் கடந்தது. கொஞ்சம் தள்ளி, அடியில் இன்னொரு விளிம்பையும் கடந்தது.

அவன் நின்றான். மறுபடி தடவினான்.

"ஸ்டிக்கர உரி."

"எதுக்கு மாமா, ஞாபகார்த்தமா?"

"உரி."

மைத்துனன் நகத்தால் நெம்பி உரித்தான். கீழே வேறு ஸ்டிக்கர் இல்லை. வெறும் பானட்தான். ஆனால் அந்தப் பானட்டின் மேல்பரப்பிலேயே, ஒரு மயிரிழை உயரத்துக்கு, இன்னொரு வட்டம் மேடாக எழும்பியிருந்தது. ஒட்டியது அல்ல. வார்க்கும்போதே கூடப் பிறந்தது. உரித்த ஸ்டிக்கரை அதன்மேல் வைத்தால் அளவு அச்சாகப் பொருந்தியது. ஒட்டினவன் கை கொஞ்சம் விலகியதால்தான் இரண்டு விளிம்பும் விரலில் தட்டியது.

மைத்துனனும் அந்த வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தான். "அண்ணனோட அச்சுல இந்த வட்டம் இல்லியே மாமா."

இல்லைதான். அண்ணன் வார்த்தபோது ஸ்டிக்கரே கிடையாது. அது பிறகு ஒட்டியது. ஆக, ஸ்டிக்கர் ஒட்டி முடித்த பானட்டின்மேல் யாரோ ரெசினை ஊற்றித் திருட்டுத்தனமாக ஓர் அச்சு எடுத்திருக்கிறான். எடுப்பதற்கு முன் ஸ்டிக்கரைக் கழற்ற அவனுக்குத் தோன்றவில்லை. அந்த அச்சில் வார்த்ததுதான் இது.

"புதுச்சட்டைய விலைச்சீட்டோட போட்டுக்கிட்டு கல்யாணத்துக்குப் போன கதை," என்றான் மைத்துனன். "அப்போ தகடு?"

"அச்சு மேல்தோலத்தான் எடுக்கும். உள்ள என்ன வெச்சிருக்காங்கன்னு எடுக்காது."

மைத்துனன் சுறுசுறுப்பானான். போட்டிக் கடைக்காரன் எவனோதான், நகல் எடுத்து விற்கிறவன், இப்போதே போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்றான். போட்டிக்காரன் நகலைக் கடையில் வைப்பான், அவள் காரில் ஏன் மாட்டுவான் என்று சர்வேயர் கேட்டான். மைத்துனன் யோசித்தான். முகம் மெல்ல மாறியது.

போகும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி முகப் பவுடர் ஒன்று வாங்கினார்கள்.

சின்னவளின் வீட்டு வாசலில் அவளுடைய ஓட்டக் காலணிகள் ஜோடியாக இருந்தன. உள்ளே ஆணியில் அவளுடைய துண்டு தொங்கியது. காய்ந்து விறைத்திருந்தது. எடுத்துத் துவைக்க அவள் கணவனுக்குக் கை வரவில்லை என்பது சர்வேயருக்குப் புரிந்தது. அவன் வீட்டிலும் ஓர் ஆணி உண்டு.

கணவனுக்கு இன்னும் முப்பது ஆகியிருக்காது. அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுவரை பட்டன் மாட்டியிருந்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். பேசும்போதே வலது கை இடது கையைச் சட்டையோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தது.

சர்வேயர் பவுடர் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அறுக்கறதுக்கு முன்னாடி பூசியிருக்கணும். இப்ப பூசிப் பிரயோஜனம் இல்ல."

கணவன் டப்பாவைப் பார்த்தான். தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. தெருவில் யாரோ தண்ணீர் வண்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் வந்து, தேய்ந்து போனது.

பிறகு அவனே எழுந்து கொல்லைப்பக்கம் கூட்டிப்போனான். சுவரோரம் ஒரு சாக்கு. அதற்குள் இரும்பு அறுக்கும் கிரைண்டரால் துண்டுதுண்டாக அறுத்த கறுப்புக் கார்பன், அறுத்த ஃபைபர் அச்சு. ஒரு துண்டில் வட்ட ஸ்டிக்கரின் பாதி. கொக்கித் துளையோரத்தில் அலுமினியத் தகட்டின் முனை மின்னியது. அண்ணன் மறக்கவில்லை.

சொல்ல ஆரம்பித்ததும் அவனால் நிறுத்த முடியவில்லை. சின்னவள் வெளியூர் போயிருந்த சமயம் பானட்டைக் கழற்றினான். விற்பதற்கு இல்லை. அந்தக் குடும்பத்தில் ஒருத்தி ஓட்டுகிறாள், ஒருத்தர் செய்கிறார், அவன் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற ஆள். கொட்டகையில் அவன் எதைத் தொட்டாலும் மச்சான், வேண்டாம் மாப்பிள்ளை, கையில் ஒட்டிக்கும் என்பார். ஒரு தடவை தன் கையால் ஒன்றைச் செய்து அவளிடம் காட்ட வேண்டும். அதற்கு மேல் அவனுக்கு எண்ணம் இல்லை. ஒட்டாமலிருக்கப் பூசிய மெழுகு போதவில்லை. அச்சு பானட்டோடு ஒட்டிக்கொண்டது. ஆப்பு வைத்து நெம்பியதில் அண்ணனுடைய பானட் பிளந்துவிட்டது. அச்சு மட்டும் முழுசாக வந்தது. அவசரமாக அதில் ஒன்று வார்த்து, கழுவி, மெருகு போட்டு, புது ஸ்டிக்கர் ஒட்டிக் காரில் மாட்டினான். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

"அவ சொன்னதா நீங்க சொன்னது?" என்றான் சர்வேயர்.

"நான் கதவத் திறக்கறப்பவே அவ இல்ல சார். ஒண்ணுமே சொல்லல. அதிகாரி கேட்டாரு, கடைசியா என்ன சொன்னாங்கன்னு. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கிட்டு நின்னாங்க."

"மச்சான் தலையில விழும்னு அப்ப தோணலியா?"

கணவன் சாக்கின் வாயை இழுத்து மூடினான்.

"தோணிச்சு சார்."

வெளியே நிழல் நீண்டுவிட்டிருந்தது. சர்வேயர் அதட்டவில்லை. மிரட்டவும் இல்லை. ஸ்டேஷனுக்கு ஒருத்தர் கிளம்பிக்கொண்டிருக்கிறார், அவர் போவதற்குள் போக வேண்டும் என்று மட்டும் சொன்னான். கணவன் செருப்புக்கூடப் போடாமல் வந்தான். ஒரு ஸ்கூட்டரில் மூன்று பேர், நடுவில் அந்தச் சாக்கு. மைத்துனன் வண்டியை ஓட்டிய ஓட்டத்தில் இரண்டு இடத்தில் வசவு வாங்கினார்கள்.

அச்சுக்காரர் வெளுத்த சட்டையில் தெருக்கதவைத் தாண்டிவிட்டிருந்தார். மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் இறங்குவதைப் பார்த்து நின்றார்.

கணவன் நடுத்தெருவில் சாக்கைக் கொட்டினான். தகட்டோடு இருந்த துண்டு அச்சுக்காரரின் காலடிக்கு உருண்டது. அவர் குனிந்து எடுத்தார். தகட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் நீவினார். தன் கைவேலை அவருக்குச் சொல்லாமலே தெரிந்தது. மற்றதைக் கணவன் சொன்னான். அச்சு எடுத்தது, உடைந்தது, மாட்டியது, பொய் சொன்னது. மறைக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக, தலை நிமிராமல்.

அடி விழும் என்று எதிர்பார்த்து மைத்துனன் ஓரடி முன்னால் வந்து நின்றுகொண்டான். அச்சுக்காரரின் கை எழவே இல்லை. அவருடைய மனைவி மட்டும் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து, அந்த வாரம் முழுக்க அடக்கிவைத்திருந்த அழுகையைச் சத்தமாக அழுதாள்.

"ஸ்டேஷனுக்கு நான் போறேன் மச்சான்," என்றான் கணவன்.

அச்சுக்காரர் துண்டைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"அப்ப என்னப் பத்தி அவ ஒண்ணும் சொல்லலியா மாப்பிள்ள?"

"இல்ல மச்சான்."

"நெசமா என்னதான் சொன்னா?"

மோதின பிறகு எதுவும் இல்லை என்றான் கணவன். அதற்கு முன்னால், வண்டியில் ஏறும்போது சொன்னதுதான். இஞ்சினைப் பார்க்க அவள் பானட்டைத் தூக்கினாள். பாதியில் கை நின்றது. இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தாள். அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. திட்டப்போகிறாள் என்று நின்றான். அவள் பானட்டை மெதுவாக மூடி, கொக்கியைப் போட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சிரித்தாள்.

"நீயே பண்ணதா? கொஞ்சம் கனமா இருக்கு, ஆனா நல்லா வந்திருக்கு. இரு, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து அண்ணன்கிட்ட நானே சொல்றேன்."